சும்மா கிடக்கும் வலை

திருவொற்றியூரில் ஒருத்தர் வீட்டில் மீன் வளர்க்கிறார் என்று சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். தெருவைத் தாண்டினால் கடல். காலையில் கரைக்குப் போனால் கூடை கூடையாக மீன். அந்த ஊரில் மீனைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் விட்டு, அதற்கு விளக்குப் போட்டு, வேளாவேளைக்குத் தீனி போடுகிற ஆளை என்னவென்று சொல்வது? அதிலும் அந்த மீன் நெத்திலியில் பாதிகூட இருக்காது. தெருவில் மீன் விற்க வரும் அம்மா ஒருமுறை கூடையை இறக்கிவைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இத்த கொழம்புல போட்டா சொத்தப் பல்லுல பூந்துக்கும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. தெருவிலும் யாரும் பார்த்ததில்லை. கெட்டவன் என்றால் குடிப்பான், கத்துவான், பெண்டாட்டியை அடிப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இந்த மனிதர் பீடிகூடப் பிடிக்க மாட்டார். மீனுக்குத் தீனி போட்ட கையைத் தோளில் கிடக்கும் துண்டில் விரல் விரலாகத் துடைப்பார். பெண்களைத் தங்கச்சி என்பார், ஆண்களைத் தம்பி என்பார். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பெரிந்தது ஒரே கம்பெனியால்தான். இரும்பை உருக்கி வார்க்கிற கம்பெனி. என் வீட்டுக்காரர் மோகனுக்கு அங்கே உலையடியில் வேலை. மீன் வளர்க்கிறவருக்கு டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், யாருக்கு அரைநாள் வெட்டு என்று பார்க்கிற உத்தியோகம். அதனால் பேர் சொல்லாமல் டைம் ஆபீஸ்காரர் என்றே எல்லாரும் சொல்வோம். தெருவில் போன் இருந்ததும் அவர் வீட்டில்தான். துபாயில் இருந்த என் தம்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த நம்பருக்குப் பேசுவான். மணி அடிக்கும்வரை நான் முன்னறையில் காத்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் நேரெதிரே மீன் தொட்டி. அப்படித்தான் எனக்கு அந்த மீன்களும் அந்த மனிதரும் பழக்கம்.

இருக்கிறதைச் சொல்ல வேண்டும், அழகான தொட்டி. அடியில் மணல், அதில் வேர்விட்டு நாடா நாடாக வளர்ந்த பாசி, முன்பக்கம் தரையோடு தரையாகக் குட்டைச் செடி. நடுவில் நீலக்கோடும் சிவப்புக்கோடும் போட்ட மீன்கள். நியான் என்று பேர், கொளத்தூரில் வாங்கி வந்தது. முப்பது நாற்பது இருக்கும். ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பும். தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு செய்து கொடுத்தவன் ஏழுமலை. என் வீட்டுக்காரருக்கு உயிர்த் தோஸ்து, அவரோடு உலையடியில் வேலை, எங்களுக்கு எதிர்வீடு. கம்பெனியில் கிடந்த துண்டு துக்கடாக்களை வெல்டிங் வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான். டைம் ஆபீஸ்காரர் அவனுக்கு மோர் கொடுத்தார்.

தொட்டி வைத்த புதிதில், முதலில் விட்ட மீன்கள் பூராவும் செத்துப்போனதாம். கடற்கரை ஊர்க்காரன் செய்கிற தப்பைத்தான் அவரும் செய்திருக்கிறார். மணல்தானே, இங்கே இல்லாத மணலா என்று கடற்கரையிலிருந்து அள்ளிவந்து, உப்புப் போகக் கழுவிக் கழுவிப் போட்டிருக்கிறார். நாக்கில் வைத்துப் பார்த்தால் கொஞ்சமும் கரிக்கவில்லையாம். மீன்கள் கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு, அப்புறம் ஒன்றொன்றாகச் சாய்ந்திருக்கின்றன.

"இன்னாத்துக்கு சாவுதுன்னே புரியல தங்கச்சி. அப்பாலதான் தெரிஞ்சிது. மண்ணுல கிளிஞ்சல் தூளு கீது. அது கொஞ்சம் கொஞ்சமா தண்ணில கரையுது. இந்த மீனுக்கு அது ஆவாது" என்றார்.

"அடப் பாவமே" என்றேன்.

"உப்பு இருந்திருந்தா அன்னிக்கே செத்திருக்கும், நானும் அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பேன். இது மெதுவா கரையுது பாரு, அத்த எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது."

செத்த மீனுக்காக வருத்தப்படுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தக் குரலில் வருத்தமே இல்லை. மனிதர் கிளிஞ்சலை மெச்சிக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள் போனபோது மீன்கள் கூட்டமாக இல்லாமல் ஆளுக்கொரு மூலையில் மேய்ந்துகொண்டிருந்தன. "இன்னாண்ணே, இதுங்களுக்குள்ள சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டயில்ல தங்கச்சி, பயம் போச்சு. பயந்தாதான் ஒண்ணா சேரும். பாக்கறியா?" என்று கண்ணாடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அத்தனையும் ஒரே கட்டாகச் சேர்ந்து பாசிக்குள் பாய்ந்துவிட்டன. "தட்டிட்டா அவ்ளோதான், அப்பறம் ஒண்ணத்தக்கூட புடிக்க முடியாது. அதான் நான் எப்பவும் தட்டறதே இல்ல" என்றார். துண்டை எடுத்து, தட்டின இடத்தில் பட்டிருந்த கைரேகையைத் துடைத்தார்.

அந்த வருஷம்தான் கம்பெனியில் விருப்ப ஓய்வு என்று ஆரம்பித்தார்கள். பேரில்தான் விருப்பம். உலையை அணைத்துவிட்டு, வார்ப்பை வெளியே வாங்கிக்கொள்வது என்று மேலே முடிவாகிவிட்டது. ஆனால் உலையடியில் இருந்த ஏழு பேரும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நின்றார்கள். மானேஜர் கத்தினான். வேறு மாநிலத்துக்குத் தூக்கி அடிப்பேன் என்றான், போலீஸைக் கூப்பிடுவேன் என்றான். அவன் கத்தக் கத்த ஏழு பேரும் இறுகிப்போனார்கள். காலையில் எங்கள் வீடு இருந்த தெருமுனையில் கூடிச் சேர்ந்து சைக்கிளில் போவார்கள், சேர்ந்து திரும்புவார்கள். பகலில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஏழு டிபன் பாக்ஸையும் நடுவில் திறந்துவைத்துச் சாப்பிடுவார்கள். நான் வைத்த கருவாட்டுக் குழம்பு யார் வயிற்றுக்குப் போனது என்று எனக்கே தெரியாது. எங்களுக்கு இருந்தது அந்த வேலை ஒன்றுதான். மகள் ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. ஏழு பேரும் சேர்ந்து நின்றால் போகாது என்று என் வீட்டுக்காரர் சொன்னதை நம்பினேன்.

அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போனுக்காகப் போனேன். முன்னறையில் அந்த மானேஜர் உட்கார்ந்திருந்தான். தன் மகளுக்கு ரெண்டு மீன் வேண்டும் என்று வந்தானாம். எனக்கு உள்ளே போக ஒரு மாதிரி இருந்தது. டைம் ஆபீஸ்காரர் வீட்டு அண்ணி அடுக்களையிலிருந்து கூப்பிட்டதால் போய் ஓரமாக நின்றேன். மானேஜர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, சின்ன வலையை வாங்கித் தானே பிடிக்கிறேன் என்று துழாவினான். மீன்கள் ஒரே கட்டாகப் பாசிக்குள் பூந்துகொண்டன. அவன் விடாமல் துரத்தினான். ரெண்டு செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, தண்ணீர் கலங்கியது, சட்டை நனைந்தது. ஒரு மீன் அகப்படவில்லை. டைம் ஆபீஸ்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வுடுங்க சார், நீங்க குந்துங்க" என்று கடைசியில் வலையை வாங்கினார். அதைத் தண்ணீரில் இறக்கி, காம்பை ஸ்டாண்டில் ஒரு கயிற்றால் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். வலை சும்மா கிடந்தது. காப்பி வந்தது, குடித்தார்கள். என் தம்பியின் போன் வந்தது, நான் பேசி முடித்தேன். திரும்பிப் பார்க்கிறேன், மீன்கள் வலையைச் சுற்றி மேய்ந்துகொண்டிருக்கின்றன. ரெண்டு மூன்று உள்ளேயே போய் வந்துகொண்டிருந்தன. அவர் எழுந்துபோய் வலைக்கு மேலே ஒரு சிட்டிகைத் தீனியைத் தேய்த்துவிட்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி மெதுவாகத் தூக்கினார். உள்ளே மீன்கள் துள்ளின.

"வலைய வச்சிகினு தொரத்தக் கூடாது சார். தண்ணில போட்டுட்டு கம்முனு இருக்கணும். அதுங்களே பழகிக்கும்."

மானேஜர் வலையைப் பார்த்தான், அப்புறம் அவரைப் பார்த்தான். "எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டான்.

ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் பிடித்துக் காட்டியிருக்கிறார், இந்த ஆள் எத்தனை நாள் என்று கேட்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அவசரப்படாதீங்க சார்" என்று பின்னால் அவர் சொல்வது கேட்டது.

அதற்கடுத்த வாரம் டைம் ஆபீஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆபீஸ் ஆட்களுக்கு ஷிப்டுக்கு முன்னாடியே விட்டுவிடும். "ஒரு வா காப்பி குடு தங்கச்சி" என்று கேட்டு, உள்ளே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதி நாற்காலி வீட்டுக்குள், பாதி தெருவில். ஷிப்டு விட்டு என் வீட்டுக்காரர் வந்தார். அவரோடு வந்தவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். "இன்னா தம்பி, வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகளின் பள்ளிக்கூடம், தண்ணீர் கஷ்டம், பாசியில் ஒட்டிக்கொண்டு வந்த நத்தை, இதுதான் பேசுவார். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். பிறகு தினமும் வர ஆரம்பித்தார், அதே நேரம், அதே நாற்காலி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஸ்டாஃப்காரர் நம் வீட்டு வாசலில் உட்காருகிறாரே.

போகிறவர்கள் முதலில் கிண்டல் பண்ணினார்கள். "இன்னா மோகனு, ஆபீசு உன் வூட்டாண்ட வந்துடுச்சு?" என்பார்கள். என் வீட்டுக்காரரும் சிரிப்பார். பத்துப் பதினைந்து நாளில் கிண்டல் நின்றுபோனது. கிண்டல் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

அப்புறம் ரயில்வே கேட் சமாச்சாரம். ஒரு நாள் காலையில் கூட்ஸ் வண்டிக்காகக் கேட்டைப் போட்டுவிட்டான். ஏழு பேரும் கேட்டிலேயே நின்று, கம்பெனிச் சங்கு ஊதினபிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஆளுக்கொரு பித்தளை டோக்கன் உண்டு. வந்தவன் தன் டோக்கனை எடுத்து உள்பலகை ஆணியில் மாட்ட வேண்டும். சங்கு ஊதினால் பலகைக்குக் கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டிவிடுவார்கள். மாட்டாதவனுக்கு அரைநாள் வெட்டு. இவர்கள் போய்ப் பார்த்தபோது பலகை பூட்டியிருந்தது. உலையடிக்காரர்கள் வரிசையில் ஆறு ஆணி காலி. ஏழாவதில் மோகன் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நானும் லேட்டுதாண்ணே. அத்த எடுத்துடுங்க" என்று இவர் ஜன்னலில் போய் நின்று கெஞ்சியிருக்கிறார்.

"மாட்டியாச்சு தம்பி. இப்போ எடுத்தா தப்பாய்டும். போ, போய் வேலயப் பாரு" என்று உள்ளேயிருந்து சிரித்திருக்கிறார் அந்த மனிதர்.

அன்று சாயங்காலம் ஏழுமலை எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினான். "இன்னா மாமு, உனுக்கு மட்டும் டோக்கன் பறந்து வந்து மாட்டிக்குது?" என்று கேட்டான்.

"நான் கேக்கல மாமு. எம்பொண்ணு மேல சத்தியமா கேக்கல."

"கேக்காமலே தர்றான் பாரு, அதான் பேஜாரு. தெனம் இன்னா பேசறான் உன்னாண்ட?"

"மீனு... பாசி... இத்தத்தான் பேசறாரு."

"மீனு" என்றான் ஏழுமலை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். உண்மையைச் சொன்னால் நம்புகிற மாதிரி இருக்க வேண்டாமா? இவர் சொன்ன உண்மை அப்படி இருந்தது.

டைம் ஆபீஸ்காரர் வருவதை நிறுத்திவிட நானும் என்னென்னவோ செய்துபார்த்தேன். சர்க்கரை போடாமல் காப்பி கொடுத்தேன், "டாக்டர் இப்டிதான் குடிக்க சொன்னாரு" என்று குடித்தார். பால் இல்லை என்றேன், "கருப்பா குடு தங்கச்சி" என்றார். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, ஷிப்டு விட்டு வருகிறவனையெல்லாம் நிறுத்தி, "உள்ள தங்கச்சிக்கு தலைவலியாம், மோகன் வந்தா சொல்லு, நான் காத்துனுகீறேன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தே வைத்திருக்கலாம். என் வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னேன். "வூடு தேடி வர்றவர வராதேன்னு எப்டிமே சொல்றது? இன்னா செஞ்சாரு அவரு?" என்று கேட்டார். காப்பி குடித்தார், வேறு ஒன்றும் செய்யவில்லையே.

ஒரு காலை என் வீட்டுக்காரர் சைக்கிளோடு தெருமுனையில் போய் நின்றார். யாரும் வரவில்லை. சங்குக்கு நேரமாகிறதே என்று நான் வாசலில் வந்து எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு ஏழுமலை சைக்கிள் இல்லை. அவர்கள் முன்னாடியே போய்விட்டிருந்தார்கள். இவர் காற்று இறங்கியிருக்கிறதா என்று டயரை அழுத்திப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுத் தனியாக ஏறிப் போனார். அன்றிலிருந்து டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ஆறு பேரும் மூடியை எடுத்து மூடிக்கொள்கிறார்களாம். அடிபம்பில் ஏழுமலை பெண்டாட்டி என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். என் வீட்டுக்காரர் ராத்திரிச் சோற்றையும் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். கன்னம் ஒட்டி, முகம் சாம்பலாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை என் தம்பி அவரோடு பேச வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். டைம் ஆபீஸ்காரர் வீட்டு ஜன்னலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு மீன். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, வெளுத்துப்போய் அடியில் கிடந்தது. பக்கத்தில் போட்ட தீனி ஊறிப் பஞ்சாகியிருந்தது.

"இது ஏண்ணே தனியா கீது? சீக்கா?" என்று இவர் கேட்டார்.

"சீக்கெல்லாம் இல்ல தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு. தனியா போட்டா நெறம் போவும்னு சொன்னாங்க, போவுதான்னு பாக்கறேன்."

"தின்னுதா?"

"தனியா இருந்தா தின்னாது."

இவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். போன் மணி அடித்து, நான் எடுத்துப் பேசி, "இந்தாங்க" என்று நீட்டியும் திரும்பவில்லை. "உள்ள வுட்டுடுங்கண்ணே" என்றார் கடைசியில்.

"வுட்டுடலாம் தம்பி. அவசரப்படாத" என்றார் அவர்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். எவனும் போடச் சொல்லவில்லை. தானே போய்க் கேட்டு வாங்கிப் போட்டார். "பாத்தியா, பேரம் முடிஞ்சிது" என்று சொல்லிக்கொண்டு மற்றவர்களும் ஒவ்வொருத்தராகப் போட்டார்கள். இத்தனைக்கும் ஒருத்தருக்கும் தனியாக ஒரு காசு கூடுதலாகக் கிடைக்கவில்லை. கடைசியாகப் போட்டவன் ஏழுமலை. பொங்கலுக்கு முன்னால் உலையை அணைத்துவிட்டார்கள்.

டைம் ஆபீஸ்காரர் அதன்பிறகு காப்பிக்கு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது ஜன்னலில் பாட்டில் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. செத்துவிட்டதா என்று கேட்டேன்.

"சேச்சே, உள்ள வுட்டுட்டேன் தங்கச்சி. ரெண்டே நாள்ல நெறம் வந்துடுச்சு. அது எதுன்னு சொல்லு பாப்போம்" என்று தொட்டியைக் காட்டினார். எல்லாம் ஒரே மாதிரி நீலமும் சிவப்புமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

நாங்கள் அந்தத் தெருவை விட்டு வியாசர்பாடிக்கு வந்துவிட்டோம். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, கடைசி வீடு. வாசலில் யார் உட்கார்ந்தாலும் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வேலை போனதை அவர் தாங்கிக்கொண்டார். ஏழுமலை முகம் திருப்பினதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் அவரைத் தின்றது. "ஏழு பேர்ல என்ன ஏன்மே புடிச்சான்?" சாப்பிடும்போது கேட்பார், முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார். "நான்தான் சொத்தன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. மத்தவனுங்க ஸ்ட்ராங்கு. என் மூஞ்சில எத்தயோ பாத்துட்டான்." அப்படி ஒன்றும் இல்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பெண்டாட்டி சொன்னால் அது ஆறுதலாகிவிடுகிறது, பதிலாவதில்லை. பஸ்ஸில் யாராவது இடித்துவிட்டுப் போனால்கூட, என்னைப் பார்த்தாலே தெரிகிறது போல என்பார்.

மகள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை வைக்கப் பழைய தெருவுக்குப் போனேன். தெருவில் எல்லா வீட்டுக்கும் வைத்துவிட்டு ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போவது முறையில்லை. அது ஒரு சாக்கு. எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

அவர் ரிட்டையராகி வீட்டில் இருந்தார். கடவுள் அவரை ஒன்றும் தண்டித்திருக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தார், கன்னம் கொஞ்சம் உப்பிக்கூட இருந்தது. தொட்டி அதே ஸ்டாண்டில், அதே மாதிரி மீன்கள். "வா தங்கச்சி, குந்து. மோகன் சோக்கா கீறானா?" என்று கேட்டார். தட்டை நீட்டினேன், குங்குமம் எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? அந்த ஏழு பேர்ல எங்க வூட்டுக்காரர ஏன் புடிச்சீங்க?"

மறுப்பார், மழுப்புவார், கோபப்படுவார் என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். குடையை எந்தக் கடையில் வாங்கினோம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"உங்க வூடு முனையில இருந்துச்சில்ல. ஷிப்டு வுட்டு வர்றவன் எவனா இருந்தாலும் அத்த தாண்டிதான் போவணும். வாசல்ல குந்தினா எல்லார் கண்ணுலயும் படும்."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா?"

"எதுருல ஏழுமல வூடும் முனைதானே?"

"அவன் வூட்டு வாசல் சந்து பக்கம் பாத்து இருந்துச்சும்மா. அங்க குந்தினா எவனுக்குத் தெரியும்?" என்றார். அப்புறம் துண்டை எடுத்து விரலில் ஒட்டின குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே, "காப்பி சாப்புடறியா தங்கச்சி?" என்று கேட்டார்.

அந்தத் தொட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. "வேணாண்ணே, விசேஷத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. ஆனால் மனசுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. கடைசியில் என் கையில் ஒரு பதில் இருக்கிறது, இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இனி நிம்மதியாகச் சாப்பிடுவார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். "நீ சொத்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாசல்தான். ஏழுமல வூட்டு வாசல் நம்ம பக்கம் பாத்து இருந்திருந்தா அவன் வூட்ல காப்பி குடிச்சிருப்பான்" என்றேன்.

அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். "வாசலா?" என்றார்.

"வாசல்தான்."

"இத்தினி வருசமா என்ன சொத்தன்னு நெனச்சிகினு இருந்தேன். ஏழு பேர்ல என்னப் பாத்து, இவன்தான்னு ஒருத்தன் எடுத்தான்னு நெனச்சிகினு இருந்தேன்."

"அதான் இல்லன்னு ஆயிடுச்சே."

அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். ஒன்று கட்டி முடித்து மற்றதையும் கட்டினார். ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"அந்தாளு என்னப் பாக்கவேயில்லமே" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.